கொரியாவுக்கு முதல் பயணம்: பார்ப்பதைக் குறைத்து, செய்வதைக் கூட்டுங்கள்

முதல்முறை கொரியா போகிற பலர் கையில் வைத்திருக்கும் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். 5 நாளில் நான்கு அரண்மனை, ஒரு கோபுரம், ஒரு தீவு, தொடரில் பார்த்த ஒரு காபிக் கடை. நானும் அப்படி ஒரு பட்டியலோடுதான் சியோலில் இறங்கினேன். இரண்டாம் நாள் ராத்திரி படுக்கும்போது கைப்பேசியில் 400 படம் இருந்தது. ஆனால் ஒரு கொரியரோடுகூட நான்கு வார்த்தை பேசியிருக்கவில்லை. அன்றைக்கே பட்டியலில் பாதியை அடித்துவிட்டேன்.

மிச்ச நாட்களில் வேறு மாதிரி சுற்றினேன். கடைப்பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்தேன், தெருவோரச் சின்ன உணவகங்களில் அவர்கள் முறைப்படி சாப்பிட்டேன், பொதுக் குளியலுக்குப் போனேன், ஒரு ராத்திரி மலைக்கோயிலில் தங்கினேன். இன்றைக்கும் மனதில் நிற்பவை இந்த நான்குதான். அதனால் உங்களுக்கும் இந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

கிளம்பும் முன்: தாள் வேலைகள்

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். சென்னையிலேயே கொரியத் துணைத் தூதரகம் இருக்கிறது. வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தாக்கல், பயணத் திட்டம் என்று கேட்கும் தாள்களை ஒன்றரை மாதத்துக்கு முன்பே சேர்க்க ஆரம்பியுங்கள். சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட்காரர்களுக்குச் சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை. கே-ஈடிஏ என்ற இணைய அனுமதி வேண்டுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழம், காய்கறி, இறைச்சி எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். பருப்புப்பொடி தாராளமாக எடுத்துப் போகலாம். சைவம் சாப்பிடுகிறவர்கள் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

எந்த மாதம் போவது? மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுவரை செர்ரிப் பூ. அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம்வரை மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாக மாறும். எனக்குப் பிடித்தது இந்த இலையுதிர் காலம்தான், வானம் தெளிவாக இருக்கும், நடக்க நன்றாக இருக்கும். ஜூன் கடைசியில் மழை பிடித்தால் ஜூலை முழுக்க நனைய வேண்டியதுதான். ஜனவரியில் சியோலில் மைனஸ் 10 டிகிரிகூடப் போகும். நம் ஊர் ஸ்வெட்டர் அதற்குத் தாங்காது.

இன்னொன்று: சொல்லால் என்ற சந்திரப் புத்தாண்டும், சுசொக் என்ற அறுவடைத் திருநாளும் எந்தத் தேதியில் வருகின்றன என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். நம் பொங்கல், தீபாவளி மாதிரிதான், ஊரே சொந்த ஊருக்குக் கிளம்பிவிடும். ரயிலில் இடம் கிடைக்காது, சின்ன உணவகங்கள் பூட்டியிருக்கும்.

முதல் படி: எழுத்தைப் படியுங்கள், இரண்டு மாலை போதும்

இந்த ஒரு படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். மொழியே கற்க வேண்டியதில்லை. எழுத்தை மட்டும் படியுங்கள்.

ஹங்குல் எழுத்தை உருவாக்கியவர் செஜோங் மன்னர். 1443-ல் முடித்து, 1446-ல் நாட்டுக்கு அறிவித்தார். அதுவரை கொரியர்கள் எழுதியது சீன எழுத்தில். அதைக் கற்க ஆண்டுக்கணக்கில் ஆகும் என்பதால் சாதாரண ஜனங்களுக்கு எழுத்தே எட்டவில்லை. அவர்களுக்காகவே எளிமையாகச் செய்யப்பட்டது ஹங்குல். அக்டோபர் 9-ஆம் தேதி தென்கொரியாவில் எழுத்துக்கு என்றே ஒரு விடுமுறை நாள். ஓர் எழுத்துமுறையின் பிறந்தநாளுக்கு நாடே விடுமுறை விடுகிறது என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

அடிப்படை எழுத்து மொத்தம் 24. மெய் 14, உயிர் 10. மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரே கட்டத்துக்குள் ஓர் அசையாக உட்காரும். உயிர்மெய் எழுதிப் பழகிய நமக்கு இந்த யோசனை புதிதே இல்லை. உருவங்களும் ஞாபகத்தில் நிற்கும். ‘ந்’ ஒலிக்கான எழுத்து நம் ‘ட’ மாதிரியே இருக்கும். நாக்கு நுனி மேலே எழும்புவதைப் பக்கவாட்டில் வரைந்த படம் அது. அதையே தலைகீழாகத் திருப்பினால் ‘க்’. சதுரம் போட்டால் ‘ம்’, அது வாயின் வடிவம். ‘ப்’ எழுத்தைப் பார்த்தபோது சிரித்துவிட்டேன், நம் ‘ப’வின் நடுவே ஒரு கோடு இழுத்தால் அதுதான்.

இன்னும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. நாம் ‘கடல்’ என்னும்போது வரும் ககரம் வேறு, ‘பகல்’ என்னும்போது வரும் ககரம் வேறு, எழுத்து ஒன்றுதான். சொல்லின் முதலில் வல்லென்று வரும், உயிர்களுக்கு நடுவே மெலிந்துவிடும். கொரிய மொழியின் க, த, ப, ச எழுத்துகளும் அதே பழக்கம் உள்ளவை. பூசான் நகரத்தின் பெயரை ஆங்கிலத்தில் பழைய வரைபடங்களில் ஓர் எழுத்திலும் புதிய வரைபடங்களில் வேறோர் எழுத்திலும் தொடங்குவதன் காரணம் இதுதான். கொரியர்களுக்கு அது ஒரே எழுத்து, நம் ‘ப’ போல. கொஞ்சம் சிரமப்படப் போவது மூச்சை அழுத்தி விடும் ஒலிகளில். அவை தமிழில் இல்லை.

வாக்கிய வரிசையும் நம்முடையதுதான், வினைச்சொல் கடைசியில் வரும். ‘முல் ஜுசெயோ’ என்றால் ‘தண்ணி குடுங்க’. ‘முல்’ தண்ணீர், ‘ஜுசெயோ’ குடுங்க. அந்தக் கடைசி ‘யோ’வை நம் ‘ங்க’ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை விட்டுவிட்டால் மரியாதை போய்விடும், சேர்த்தால் எல்லாம் சரி. இதோடு ‘அன்னியோங்ஹாசெயோ’ (வணக்கம்), ‘கம்சாஹம்னிதா’ (நன்றி), ‘யோகியோ’ (இங்க பாருங்க) என்ற மூன்றும் தெரிந்தால் ஒரு வாரத்தை ஓட்டிவிடலாம்.

அப்பாவை அங்கேயும் ‘அப்பா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள், அம்மா ‘ஒம்மா’. விமான நிலையத்திலேயே ஒரு குழந்தை ‘அப்பா’ என்று கத்தும், நீங்கள் திரும்பிப் பார்ப்பீர்கள். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதியிருக்கிறார். ஆனால் இன்றைய மொழியியலாளர்கள் இரண்டும் ஒரே குடும்பம் என்பதை ஏற்பதில்லை. ஆகவே காதால் கேட்டு மகிழுங்கள். தமிழிலிருந்து வந்ததுதான் உங்கள் மொழி என்று அங்கே யாரிடமும் வாதாடப் போகாதீர்கள்.

இரண்டாம் படி: இறங்கிய நாள்

இஞ்சோன் விமான நிலையத்தில் வெளியே வந்ததும் ஒரு கன்வீனியன்ஸ் ஸ்டோருக்குப் போய் டி-மணி கார்டு வாங்குங்கள். மெட்ரோ, பஸ், பல டாக்சிகள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு கார்டு போதும். ரீசார்ஜ் செய்யப் பல இடங்களில் பணமாகத்தான் கேட்பார்கள், அதனால் கையில் கொஞ்சம் வோன் நோட்டு இருக்கட்டும். மற்றபடி கடைகளில் எங்கும் கார்டுதான். சில தானியங்கி ஆர்டர் இயந்திரங்கள் மட்டும் வெளிநாட்டுக் கார்டை ஏற்காது. அப்போது கவுண்டரில் நின்று காட்டினால் வாங்கிக்கொள்வார்கள்.

முதல் முனையத்திலிருந்து சியோல் நிலையத்துக்கு நேரே போகும் விரைவு ரயிலுக்கு 43 நிமிடம். எல்லா நிலையத்திலும் நிற்கும் ரயிலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். பின்னது மலிவு, டி-மணியைத் தட்டிவிட்டு ஏறிவிடலாம். நான் அதையே சொல்வேன்.

வழி காட்ட நேவர் மேப்பை இறக்கிக்கொள்ளுங்கள். வரைபடத் தகவலை நாட்டுக்கு வெளியே கொடுப்பதற்கு இருந்த கட்டுப்பாட்டால் கூகுள் மேப் அங்கே பல ஆண்டுகளாக அரைகுறையாகவே இருந்தது, நடந்து போகும் வழி காட்டியதில்லை. மொழிபெயர்க்க பப்பாகோ. வழி தவறினாலோ ஏதாவது சிக்கல் என்றாலோ 1330 என்ற சுற்றுலா உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், 24 மணி நேரமும் ஆங்கிலத்தில் பேசுவார்கள். போலீஸ் 112, ஆம்புலன்ஸ் 119.

ரயில்பெட்டியின் இரண்டு கோடியிலும் முதியவர்களுக்கான இருக்கைகள் உண்டு. காலியாக இருந்தாலும் இளையவர்கள் உட்கார மாட்டார்கள். நடுவே உள்ள இளஞ்சிவப்பு இருக்கை கர்ப்பிணிகளுக்கு. பெட்டிக்குள் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை, நாம் நான்கு பேர் சேர்ந்து போனால் இதைக் கவனமாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பஸ்ஸில் இறங்கும்போதும் கார்டைத் தட்டுங்கள். தட்டினால்தான் அரை மணி நேரத்துக்குள் அடுத்த பஸ்ஸோ மெட்ரோவோ மாறும்போது புதுக் கட்டணம் பிடிக்காது.

மூன்றாம் படி: சாப்பாட்டு மேசை

கொரியாவை அறிய ஒரே ஓர் இடம்தான் போக முடியும் என்றால், நான் அரண்மனைக்கு அனுப்ப மாட்டேன். குடும்பமாக நடத்தும், ஐந்தாறு மேசை போட்ட ஒரு சின்ன உணவகத்துக்கு அனுப்புவேன்.

உள்ளே போனதும் எத்தனை பேர் என்று விரலால் காட்டுங்கள். மேசையின் பக்கவாட்டில் ஓர் இழுப்பறை இருக்கும், கரண்டியும் உலோகச் சாப்ஸ்டிக்கும் அதற்குள். பலர் இது தெரியாமல் காத்துக்கொண்டே இருப்பார்கள். எல்லோருக்கும் எடுத்து வைப்பது வயதில் இளையவரின் வேலை. தண்ணீரைப் பெரும்பாலும் நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். மேசையில் அழைப்பு மணி இருந்தால் அழுத்துங்கள், இல்லையென்றால் கையைத் தூக்கி ‘யோகியோ’. அங்கே அது மரியாதைக் குறைவு கிடையாது. பழகிய கடையில் பரிமாறும் அம்மாவை ‘இமோ’ என்று கூப்பிடுவார்கள். இமோ என்றால் அம்மாவின் உடன்பிறந்தவள், நம் கணக்கில் பெரியம்மா, சித்தி. நாம் கடைக்கார அம்மாவை அக்கா என்பது போல.

கேட்காமலேயே சின்னச் சின்னத் தட்டுகளில் கிம்ச்சி (காரம் போட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோஸ்), கீரை, முளைப்பயறு, ஊறுகாய் முள்ளங்கி என்று வந்து நிறையும். இவை பான்சான். இவற்றுக்குக் காசு கிடையாது, தீர்ந்தால் மறுபடி கேட்கலாம். வெட்கப்பட வேண்டாம், ஆனால் வாங்கியதை மிச்சம் வைக்காதீர்கள்.

இனி முறைகள். மேசையில் மூத்தவர் கரண்டியை எடுத்த பிறகுதான் மற்றவர்கள் தொடங்குவார்கள். சோறும் சாறும் கரண்டியால், கறி வகைகள் சாப்ஸ்டிக்கால். ஜப்பானில் செய்வதுபோல் சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்கிச் சாப்பிடக் கூடாது, மேசையிலேயே இருக்கட்டும். சாப்ஸ்டிக்கைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தவே கூடாது. இறந்தவர்களுக்குப் படைக்கும் கோலம் அது. எதைக் கொடுத்தாலும் வாங்கினாலும் இரண்டு கையால், அல்லது வலக்கையால் நீட்டி இடக்கையை முழங்கைக்குக் கீழே தாங்கலாக வைத்து. தன் கோப்பையில் தானே ஊற்றிக்கொள்வதில்லை, பக்கத்தில் இருப்பவருக்கு ஊற்றுங்கள், அவர் உங்களுக்கு ஊற்றுவார். பெரியவர் முன்னால் மது குடிக்கும் இளையவர் முகத்தைச் சற்று அந்தப் பக்கம் திருப்பிக் குடிப்பார். மூக்குச் சிந்துவது மேசையில் கூடவே கூடாது. காரம் சாப்பிட்டு மூக்கு ஒழுகினால் எழுந்து வெளியே போய் வாருங்கள்.

பணம் கொடுப்பது வாசல் பக்கத்துக் கவுண்டரில். டிப்ஸ் என்ற பேச்சே இல்லை. கிளம்பும்போது ‘ஜல் மொகொஸும்னிதா’, அதாவது ‘நல்லா சாப்பிட்டேன்’ என்று ஒரு வார்த்தை. நான் முதல் தடவை இதைத் திக்கித் திக்கிச் சொன்னபோது, அடுப்படிக்குள்ளிருந்து ஒரு பாட்டி எட்டிப் பார்த்துக் கை அசைத்தார். ‘சாப்பிட்டீங்களா’ என்பதையே நலம் விசாரிப்பாகக் கேட்கும் ஊர் அது. அங்கே இந்தச் சொல்லுக்குக் கனம் அதிகம்.

தனியாகப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மேசையில் இறைச்சி சுடும் கடைகள் பலவற்றில் குறைந்தது இரண்டு பேருக்கு ஆர்டர் செய்தாக வேண்டும். ஒருவராகப் போனால் திருப்பி அனுப்பக்கூடும். காய்கறி கலந்த சோறான பிபிம்பாப், கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டிய கிம்பாப், சாறோடு சோறு சேர்ந்த குக்பாப் இவையெல்லாம் ஒருவருக்கும் தருவார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும்

பூசி மெழுகாமல் சொல்கிறேன், சிரமம்தான். காய்கறிச் சாப்பாடு ஏராளமாக இருக்கும் நாடு, ஆனால் அடியில் எங்காவது மீன் இருக்கும். கிம்ச்சியில் பெரும்பாலும் உப்பிட்ட இறாலோ மீன்சாறோ சேரும். சாறுகளுக்கு அடிப்படை நெத்திலி. பிபிம்பாப்பில் இறைச்சியை எடுத்துவிடச் சொன்னாலும், சில கடைகளில் மிளகாய் விழுதையே மாட்டிறைச்சி சேர்த்து வதக்கியிருப்பார்கள். ‘கோகி’ இல்லாமல் என்று கேட்டால் இறைச்சி மட்டும்தான் போகும், மீன் அந்தச் சொல்லுக்குள் அடங்காது. அதனால் ‘இறைச்சி, மீன், இறால், முட்டை, எலும்புச்சாறு, மீன்சாறு எதுவும் சாப்பிட மாட்டேன்’ என்று பப்பாகோவில் கொரிய மொழியில் எழுதிப் படமாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்வதைவிட அது வேலை செய்யும்.

நம்பிப் போகக்கூடியவை சில. கோடையில் கோங்குக்சு கிடைக்கும். சோயா பயறை ஊறவைத்து அரைத்த குளிர்ந்த பாலில் நூடுல்ஸ். பரங்கிக்காய்க் கஞ்சி, சிவப்புப் பயறுக் கஞ்சி வயிற்றுக்கு இதம். தெருவில் சுடச்சுடத் தரும் ஹோத்தோக்குக்குள் சர்க்கரையும் பட்டையும். குவாங்ஜாங் சந்தை 1905-லிருந்து இருக்கிறது. அங்கே பாசிப்பயறைக் கல்லில் அரைத்து எண்ணெயில் பொரித்தெடுக்கும் பிந்தேதோக் நம் பெசரட்டுக்கு நெருங்கிய சொந்தம். பன்றி இறைச்சி சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட நல்லது கோயில் உணவு. கொரியப் புத்தத் துறவிகள் இறைச்சி, மீன் மட்டுமில்லை, வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. சியோலில் ஜோக்யேசா கோயிலுக்கு எதிரே ஜோக்யே என்ற புத்தத் துறவியர் சங்கம் நடத்தும் பால்வூ கோங்யாங் என்ற உணவகம் இருக்கிறது. விலை கொஞ்சம் கூடுதல், முன்பதிவு வேண்டும். தாமரைக்கிழங்கு, காளான், மலைக்கீரை எல்லாம் ஒன்றொன்றாக வரும். ஒரு மதியத்தை அதற்கே ஒதுக்குங்கள்.

நான்காம் படி: அரண்மனை, ஆனால் ஒன்றே ஒன்று

எல்லோரும் போவது கியோங்பொக்குங். 1395-ல் கட்டியது, 1592-ல் ஜப்பானியப் படையெடுப்பின்போது எரிந்தது, 1860-களில் மீண்டும் எழுந்தது. காவலர் மாறும் சடங்கு காலை 10 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் நடக்கும். செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஹான்போக் என்ற கொரியப் பாரம்பரிய உடையை உடுத்திப் போனால் நுழைவு இலவசம் என்பதால் சுற்றுவட்டாரம் முழுக்க வாடகைக் கடைகள். உடுத்துவதில் தயங்க வேண்டாம், வெளிநாட்டவர் ஹான்போக் போடுவதைக் கொரியர்கள் விரும்புகிறார்கள். ஜிகினா போட்ட உடையைத் தள்ளிவிட்டு, சாதாரணப் பருத்தி அல்லது சணல் துணியில் கேட்டுப் பாருங்கள். மேல்சட்டையின் நாடாவைக் கடைக்காரர் ஒற்றை வளையமாக முடிவதைக் கவனியுங்கள். பாதி வழியில் அவிழும், அப்போது நீங்களே கட்ட வேண்டும்.

என்னைக் கேட்டால் சாங்தொக்குங். 1405-ல் கட்டியது. மேட்டையும் பள்ளத்தையும் சமமாக வெட்டாமல், நிலம் போன போக்கில் மண்டபங்களை வைத்திருக்கிறார்கள். பின்பக்கத்து ரகசியத் தோட்டத்துக்குத் தனிச்சீட்டு, நேரம் குறித்து அளவோடுதான் ஆட்களை விடுவார்கள், இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள். திங்கட்கிழமை மூடியிருக்கும்.

பக்கத்திலேயே புக்சோன் பழைய வீட்டுத் தெருக்கள். ஹானோக் என்ற ஓட்டுவீடுகள், அவற்றில் இன்றும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். கூட்டம் தாங்காமல் நெருக்கமான பகுதியில் சுற்றுலாப் பயணிகளுக்குக் காலை 10 முதல் மாலை 5 மணிவரை மட்டுமே அனுமதி என்று 2024 கடைசியில் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள், மீறினால் அபராதம். மெதுவாகப் பேசுங்கள், கதவிடுக்கில் கேமராவை நீட்டாதீர்கள். நம் வீட்டுத் திண்ணையில் ஒருவர் ஏறி நின்று படம் எடுத்தால் எப்படி இருக்கும்?

மழை வந்தால் யோங்சானில் உள்ள கொரிய தேசிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள், நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. இரண்டாம் மாடியில் ஓர் இருட்டறை, அதற்குள் கன்னத்தில் விரல் வைத்துச் சிந்தனையில் அமர்ந்திருக்கும் இரண்டு போதிசத்துவர் சிலைகள் மட்டும். அரை மணி நேரம் நின்றேன்.

ஐந்தாம் படி: ஜிம்ஜில்பாங் என்ற பொதுக் குளியல்

இதைப் பற்றி எழுதாமல் விட்டுவிடுகிறவர்கள் அதிகம், கூச்சம் காரணம். ஆண், பெண் தனித்தனிக் குளியல் கூடம். உள்ளே துணி இல்லாமல்தான் இருக்க வேண்டும், நீச்சலுடைகூடக் கிடையாது. எனக்கும் வாசலில் கால் பின்வாங்கியது. உள்ளே போன ஐந்தாம் நிமிடம் ஒன்று விளங்கியது, யாரும் யாரையும் பார்ப்பதில்லை. பாட்டி, மகள், பேத்தி மூன்று தலைமுறையும் வரிசையாக உட்கார்ந்து ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் செருப்பைப் பூட்டிவைத்துச் சாவியோடு கவுண்டருக்குப் போங்கள். காசு கட்டினால் துண்டும், அரைக்கால் சட்டை, பனியன் போன்ற ஓர் உடையும் தருவார்கள். உடைகளைப் பெட்டியில் வைத்துவிட்டு, முதலில் சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் குளிக்க வேண்டும். அழுக்கோடு தொட்டியில் இறங்குவதுதான் அங்கே பெரிய தப்பு. தலைமுடியை உயர்த்திக் கட்டுங்கள், துண்டைத் தண்ணீரில் நனைக்காதீர்கள். 38, 40, 42 டிகிரி என்று தொட்டி ஒவ்வொன்றின் மேலும் எழுதியிருக்கும், குறைந்த சூட்டிலிருந்து தொடங்குங்கள். காசு கொடுத்தால் உடம்பைச் சொரசொரத் துணியால் தேய்த்துவிடுவார்கள், பெயர் செஷின். அழுக்கு திரித்திரியாக உருண்டு வரும். நம் எண்ணெய்க் குளியலுக்கு அடுத்தபடி அப்படி ஒரு லேசான உடம்பை நான் உணர்ந்ததில்லை.

பிறகு அந்த உடையைப் போட்டுக்கொண்டு பொதுக்கூடத்துக்கு வந்தால் ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் வெதுவெதுப்பான தரையில் படுத்திருப்பார்கள். உப்பு அறை, களிமண் அறை, குளிர் அறை என்று மாறி மாறிப் போகலாம். சுட்ட முட்டையும் சிக்கே என்ற குளிர்ந்த இனிப்பு அரிசிப் பானமும் வழக்கமான தீனி. பொதுக் குளியல் வேண்டவே வேண்டாம் என்றால் குளியறையில் சட்டென்று குளித்துவிட்டு இந்தக் கூடத்துக்கு மட்டும் வாருங்கள், அதுவே பாதி அனுபவம்.

ஆறாம் படி: கோயிலில் ஒரு ராத்திரி

2002-ல் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தபோது, வருகிறவர்கள் தங்குவதற்குக் கோயில்கள் கதவைத் திறந்தன. அன்று தொடங்கிய டெம்பிள்ஸ்டே இன்று நாடு முழுக்க நடக்கிறது. இணையத்தில் ஆங்கிலத்திலேயே பதிவு செய்யலாம். ஓய்வுக்கு மட்டும் தங்குவது ஒரு வகை, எல்லா வழிபாட்டிலும் சேர்வது இன்னொரு வகை. முதல்முறை போகிறவர்கள் இரண்டாவதை எடுங்கள். ஓர் இரவுக்குப் பெரும்பாலும் 50,000 முதல் 80,000 வோன்வரை ஆகும், சாப்பாடும் அதிலேயே.

சியோலுக்குள்ளேயே ஜோக்யேசா, போங்கன்சா இருக்கின்றன. நேரம் இருந்தால் மலைக்குப் போங்கள். தேகு நகரத்திலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்தில் ஹேயின்சா. 13-ஆம் நூற்றாண்டில், மங்கோலியப் படையெடுப்பு நடந்துகொண்டிருந்தபோது செதுக்கிய 80,000-க்கும் மேற்பட்ட மரப்பலகைகள் அங்கே இருக்கின்றன. புத்த நூல் தொகுதி முழுவதும் அவற்றில் அடங்கியிருக்கிறது. அந்தக் கூடத்தின் முன்சுவர் சன்னல்களும் பின்சுவர் சன்னல்களும் வேண்டுமென்றே வெவ்வேறு அளவில் வைக்கப்பட்டவை. காற்று சுற்றிச் சுழன்று ஈரத்தை வெளியேற்றுகிறது. பலகைகள் இன்னும் உளுக்கவில்லை.

கோயிலில் தொளதொளப்பான மேற்சட்டையும் கால்சட்டையும் தருவார்கள். சந்நிதிக்கு நடுக்கதவு வழியே போகாதீர்கள், அது மூத்த துறவிகளுக்கு. பக்கக்கதவில் செருப்பைக் கழற்றி, வாசலை நோக்கித் திருப்பி வைத்துவிட்டு, கை கூப்பி உள்ளே போங்கள். முழந்தாள், முழங்கை, நெற்றி தரையில் படும்படி வணங்குகிறார்கள். நம் பஞ்சாங்க நமஸ்காரமேதான். அப்படி 108 முறை வணங்கி, ஒவ்வொரு வணக்கத்துக்கும் ஒரு மணி கோத்து மாலையாக்கச் சொல்வார்கள். 40-க்கு மேல் தொடை நடுங்கும். முடியாவிட்டால் உட்கார்ந்துகொள்ளலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இரவு 9 மணிக்கு விளக்கணைப்பு. படுக்கை தரையில்தான், ஆனால் தரைக்குக் கீழே சூடு ஓடும். ஓந்தோல் என்ற இந்த ஏற்பாட்டுக்கு முன்பு அடுப்புப் புகையைத் தரைக்கடியில் செலுத்துவார்கள், இப்போது வெந்நீர்க் குழாய். விடியற்காலை 4 மணி வாக்கில் மரமணி தட்டும் ஓசையோடு ஒரு துறவி வளாகத்தைச் சுற்றி வருவார். பிறகு முரசு, மரமீன், மேக வடிவ உலோகத் தகடு, பெரிய மணி. முரசு நிலத்து விலங்குகளுக்கு, மீன் நீர்வாழ் உயிர்களுக்கு, தகடு பறவைகளுக்கு என்பது நம்பிக்கை. இருட்டில் அந்த முரசு தொடங்கியபோது, இதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று தோன்றியது.

சில கோயில்களில் நான்கு கிண்ணச் சாப்பாடு இருக்கும். எடுத்ததைப் பருக்கை மிச்சமின்றிச் சாப்பிட்டு, ஒரு துண்டு முள்ளங்கியால் கிண்ணத்தைத் துடைத்து, கழுவிய நீரையும் குடித்துவிட வேண்டும். அதனால் முதலில் கொஞ்சமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

சியோலுக்கு வெளியே

ஒரு வாரம் இருந்தால் இரண்டு நாளாவது வெளியூருக்குக் கொடுங்கள். ஜோன்ஜுவில் ஹானோக் வீட்டில் தங்கி அந்த ஊர் பிபிம்பாப் சாப்பிடலாம். பான்சோரி கேட்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். ஒருவர் மணிக்கணக்கில் கதையைப் பாடுவார், ஒருவர் முரசு கொட்டுவார், சபையில் உள்ளவர்கள் நடுநடுவே ‘ஒல்சிகு’, ‘ஜோத்தா’ என்று குரல் கொடுப்பார்கள். சும்மா உட்கார்ந்திருப்பதுதான் அங்கே மரியாதைக் குறைவு. வில்லுப்பாட்டுக்கு ‘ஆமா’ போட்டுப் பழகியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கியோங்ஜு சில்லா அரசின் தலைநகராக ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு இருந்த ஊர். நகரத்துக்கு நடுவே பச்சைப் புல் மூடிய மன்னர்களின் சமாதி மேடுகள், அவற்றைச் சுற்றிச் சைக்கிளில் போகலாம்.

பூசானுக்குப் போனால் இலகு ரயிலில் கிம்ஹே. பழங்காலக் காயா அரசை நிறுவியதாகச் சொல்லப்படும் சூரோ மன்னரின் சமாதியும் அவர் மனைவி ஹோ ஹ்வாங்-ஓக்கின் சமாதியும் அங்கே இருக்கின்றன. கி.பி. 48-ல் ‘அயுத்தா’ என்ற நாட்டிலிருந்து கப்பலில் வந்த இளவரசி அவர் என்று 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய பழங்கதைத் தொகுப்பு சொல்கிறது. அயுத்தா என்பது அயோத்தி என்று ஒரு சாரார், கன்னியாகுமரிப் பக்கம் என்று நம்மவர்கள் சிலர். வரலாற்றுச் சான்றோடு எதுவும் நிறுவப்படவில்லை. ஆனாலும் கிம்ஹே வழிவந்த கிம் குலத்தார் இன்றும் அவரைத் தங்கள் மூதாதையாகக் கொண்டாடுகிறார்கள். சமாதிக்குப் பக்கத்தில் அவர் கப்பலில் கொண்டுவந்ததாகச் சொல்லும் செந்நிறக் கற்கோபுரம் ஒன்று இருக்கிறது. பார்த்துவிட்டு வாருங்கள்.

கிளம்பும் நாள்

டி-மணியில் மிச்சம் இருந்தால் விமான நிலைய ரயிலுக்கே அதைச் செலவழித்துவிடுங்கள். அதற்கும் மேல் இருந்தால் கன்வீனியன்ஸ் ஸ்டோரில் 500 வோன் கழித்துக்கொண்டு திருப்பித் தருவார்கள். நான் திருப்பி வாங்கவில்லை. கார்டு பர்ஸிலேயே இருக்கிறது, அடுத்த தடவை இறங்கியதும் தட்டிவிட்டு ஏற.